வெயில் ஊரில் ஈஸ்ட் வளர்ப்பது: ரொட்டிக்கும் ஆப்பத்துக்கும் ஒரு ஸ்டார்ட்டர்

புளிமாவு ஸ்டார்ட்டர், அதாவது மாவும் தண்ணீரும் கலந்து ஈஸ்ட் பெருகவிடும் விதைமாவு, வளர்க்கச் சொல்லித் தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சமையலறைகளில் எழுதப்பட்டவை. அவற்றில் ‘அறை வெப்பம்’ என்றால் 20, 22 டிகிரி. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் சமையலறையில் மதியம் 31, 32 டிகிரி இருக்கும். விடியற்காலையில்தான் 24க்கு இறங்கும். அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றினால், காலையில் தீனி (புது மாவும் தண்ணீரும்) போட்ட மாவு மதியத்துக்குள் பொங்கி அடங்கிவிடும். சாயங்காலம் பார்த்தால் மூக்கைத் துளைக்கும் புளிப்போடு தண்ணீராகக் கிடக்கும். பலர் இந்த இடத்தில்தான் ‘நம்ம ஊருக்கு இது சரிப்படாது’ என்று விட்டுவிடுகிறார்கள். சரிப்படும். பழைய மாவைக் குறைத்து, புதுத் தீனியைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

தோட்டத்து வீடுகளில் ஆப்ப மாவில் கள் ஊற்றிய காலம் உண்டு. தென்னங்கள் பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். அதில் ஈஸ்ட்டும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாவும் சேர்ந்தே இருக்கும். தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தவரை அரைக் கிளாஸ் கள் வாங்கி வருவது பெரிய காரியமில்லை. அந்தக் கடைகள் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தன என்று நமக்குத் தெரியும். அவை போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் கள் போன இடத்துக்குச் சோடா மாவும் பாக்கெட் ஈஸ்ட்டும் வந்தபோது ஆப்பத்தின் ருசியும் போய்விட்டது. அதை மாவும் தண்ணீரும் போட்ட ஒரு போத்தலில் மீட்க முடியும். இன்னொரு லாபமும் இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் சாதாரண ரொட்டி இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடித்துவிடும். புளிமாவு ரொட்டியில் உள்ள அமிலங்கள் அதைத் தள்ளிப்போடும்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பிறகு வரும் எல்லாமே சுலபம். ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் விடுகிறது. மாவு உப்புவது முக்கியமாக அதனால்தான். லாக்டிக் அமிலப் பாக்டீரியா புளிப்பைத் தருகிறது. அந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல, கெடுதலான கிருமிகள் குடியேறாமல் காவலும் அதுவே. ஈஸ்ட்டைக் காற்றிலிருந்து பிடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் மாவோடுதான் வருகிறது. தானியத்தின் தோலில் அதிகம் இருப்பதால், தவிட்டோடு அரைத்த ஆட்டா மாவில் தொடங்கினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

பீர் காய்ச்சுபவர்களும் ஸ்டார்ட்டர் வளர்ப்பார்கள். அவர்கள் வழி வேறு. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து ஈஸ்ட்டைத் தனியாக வளர்த்துக் காட்டினார். அன்றிலிருந்து அவர்களுக்குத் தூய்மைதான் முதல் விதி: மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கிருமி நீக்கிய குடுவையில் ஒரே வகை ஈஸ்ட்டை மட்டும் பெருக்குவார்கள். ஒரு பாக்டீரியா புகுந்தாலும் பீர் புளித்துவிடும். நமக்குப் பாக்டீரியாவும் வேண்டும் என்பதால் அத்தனை கெடுபிடி தேவையில்லை. ஆனால் அவர்களிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: எவ்வளவு விதை, எவ்வளவு தீனி, எத்தனை டிகிரி என்று அளந்து செய்வது. (நம் நாட்டில் மது தயாரிக்க உரிமம் வேண்டும். இந்தக் கட்டுரை ரொட்டிக்கும் ஆப்பத்துக்கும் மட்டும்.)

இப்போது வெப்பம். புளிமாவில் வழக்கமாகக் காணப்படும் ஈஸ்ட் வகைகளில் ஒன்றான கசாக்ஸ்டானியா ஹ்யூமிலிஸ், 27 டிகிரி அளவில் மிக வேகமாக வளரும். 35ஐ நெருங்கினால் நின்றுவிடும். அதோடு கூடவே வாழும் பாக்டீரியாவுக்கு 32, 33 டிகிரிதான் சுகம். நம் சமையலறை மதியத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஈஸ்ட் தளரத் தொடங்கும் நேரத்தில் பாக்டீரியா முழு வேகத்தில் அமிலம் விடுகிறது. அமிலம் ஏறினால் கோதுமையின் பசைச்சத்து (குளூட்டன்) கரையும், மாவு இழையறுந்து நீர்த்துப் போகும். வெயில் ஊர் ஸ்டார்ட்டர் பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான்.

வேண்டிய சாமான்கள்

அரை லிட்டர் கண்ணாடி போத்தல் இரண்டு. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. கரண்டிக் கணக்கில் செய்யாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் மாவின் கனம் கரண்டிக்குக் கரண்டி மாறும். ஒரு ரப்பர் பேண்ட். ஆட்டா மாவு, ரொட்டிக்கான உயர்புரத வெள்ளை மாவு. வெளுக்காத மாவு கிடைத்தால் அதையே வாங்குங்கள். மாவு பாக்கெட்டைப் பிரித்ததும் ஐஸ்பெட்டியில் வையுங்கள், வண்டு வராது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் குளோரின் போய்விடும்.

கலக்க எவர்சில்வர் கரண்டி போதும். அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் மட்டும் புளித்த மாவை வைக்காதீர்கள், அமிலம் அரிக்கும்.

முதல் மூன்று நாள்: அன்னாசிச் சாறு

வெறும் தண்ணீரில் தொடங்கினால் இரண்டாம் நாளே மாவு பொங்கும். பார்க்க சந்தோஷமாக இருக்கும், ஆனால் அது ஈஸ்ட் இல்லை. நம் இட்லி மாவை உப்ப வைக்கிற லூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள்தான் அந்த வாயுவை விடுகின்றன. மாவு புளிக்கப் புளிக்க அவை ஒதுங்கும். மூன்றாம், நான்காம் நாள் போத்தலில் அசைவே இருக்காது. செத்துவிட்டது என்று நிறையப் பேர் கொட்டிவிடுவது அந்த நாளில்தான். உண்மையில் ஈஸ்ட் பெருகத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, முதலிலேயே கொஞ்சம் புளிப்பைக் கொடுத்துவிடலாம். அதற்குத்தான் அன்னாசிச் சாறு. நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பழம். பச்சைச் சாறில் புரதத்தைச் சிதைக்கும் புரோமெலின் என்ற நொதி இருப்பதால், வடிகட்டி ஒரு கொதி விட்டு, நன்றாக ஆறவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டின் சாறு என்றால் ஏற்கெனவே சூடு பட்டது, அப்படியே ஊற்றலாம்.

முதல் நாள் 30 கிராம் ஆட்டா மாவும் 40 கிராம் சாறும் கலந்து போத்தலில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும். இரண்டாம் நாள் அதே அளவு மாவும் சாறும் சேருங்கள். மூன்றாம் நாளும் அப்படியே. எதையும் கொட்ட வேண்டாம். நாளுக்கு இரண்டு மூன்று முறை கிளறிவிடுங்கள். மேற்பரப்பு காயாமல் இருந்தால் பூசணம் ஒட்டாது.

எறும்புக்கு ஒரு வழி: தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் போத்தலை நிறுத்துங்கள். பழ ஈக்கு மெல்லிய துணியை வாயில் கட்டி, அதன் மேல் மூடியைச் சும்மா வையுங்கள்.

நான்காம் நாளிலிருந்து

சாறை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்கு மாறுங்கள். போத்தலில் இருப்பதில் 30 கிராம் மட்டும் எடுத்து, 30 கிராம் மாவு, 30 கிராம் தண்ணீர் சேருங்கள். மாவில் பாதி ஆட்டா, பாதி வெள்ளை. மீதியைக் கொட்டிவிட வேண்டும். இந்த முதல் வாரத்து மாவைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். நல்ல கூட்டம் இன்னும் நிலைபெறவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, நல்ல மாவைப் போய் கொட்டுற?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொட்டாமல் சேர்த்துக்கொண்டே போனால் அடுத்த வாரம் ஒரு வாளி மாவு இருக்கும். அதற்குச் சமமாகத் தீனி போட இன்னொரு வாளி மாவு வேண்டும். தீனியைக் குறைத்தால் அமிலம் மிஞ்சும், ஈஸ்ட் பட்டினி கிடக்கும். கொஞ்சமாக வைத்து வயிறார ஊட்டுவதுதான் சிக்கனம். ஸ்டார்ட்டர் பக்குவமான பிறகு மிஞ்சும் மாவைக் கொட்டவே வேண்டாம்: தோசை மாவில் கலக்கலாம், வாழைப்பழ ஜெம்புட் பொரிக்கலாம்.

ஒவ்வொரு முறை தீனி போட்டதும் மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்டை மாட்டுங்கள். தீனி போட்ட நான்கைந்து மணி நேரத்தில் மட்டம் இரட்டிப்பானால், அது இரண்டு மூன்று தீனிக்குத் தொடர்ந்து நடந்தால், ஈஸ்ட் பிடித்துவிட்டது. சிலருக்கு ஐந்தாம் நாளிலேயே நடக்கும், சிலருக்குப் பத்து நாளும் ஆகும். அதுவரை தினம் ஒரு முறை தீனி போதும். அவசரப்பட்டு அடிக்கடி போட்டால் இருக்கிற கொஞ்ச ஈஸ்ட்டையும் நீர்த்துப்போகச் செய்வீர்கள்.

வெயிலுக்கு ஏற்ற அளவு

ஈஸ்ட் பிடித்த நாளிலிருந்து அளவை மாற்ற வேண்டும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் பழைய மாவு, புது மாவு, தண்ணீர் மூன்றும் சம எடையில் இருக்கும். 30 டிகிரியில் அந்த அளவு மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடும். வேலைக்குப் போகிறவர் திரும்பி வரும்போது அது அடங்கிப் பல மணி நேரம் ஆகியிருக்கும், அதுவரை அமிலத்தில்தான் ஊறிக்கொண்டிருக்கும்.

அதனால் 10 கிராம் பழைய மாவுக்கு 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர். பகல் வெயிலில் ஏறக்குறைய ஏழெட்டு மணி நேரம் தாங்கும். காலையில் ஒரு தீனி, இரவில் ஒரு தீனி. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் முடியும் என்றால் பழைய மாவை 5 கிராமாகக் குறையுங்கள். ஐந்து கிராம் என்பது கரண்டி நுனியில் ஒட்டும் அளவுதான். இவ்வளவு கொஞ்சமா என்று தயங்க வேண்டாம், அதற்குள் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன.

வேகத்தைக் குறைக்க இன்னொரு வழி, மாவைக் கெட்டியாகப் பிசைவது. 10 கிராம் பழைய மாவு, 50 கிராம் புது மாவு, 27 கிராம் தண்ணீர் என்று சப்பாத்தி மாவுப் பதத்தில் உருட்டி வைத்தால் நுண்ணுயிர்கள் நிதானமாகும். பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். வெயில் காலத்தில் ஐஸ்பெட்டித் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் இன்னும் நல்லது.

வைக்கும் இடமும் முக்கியம். ஐஸ்பெட்டியின் தலைமேல் வைக்காதீர்கள், அங்கே சூடு. அடுப்புத் திட்டு, வெயில் விழும் ஜன்னல் இரண்டும் ஆகாது. பழைய தோட்டத்து வீடுகளின் சிமெண்டுத் தரை நல்ல இடம், மூலையில் தரையோடு வைத்தால் வித்தியாசம் தெரியும். ஈரத்துணி சுற்றும் உத்தியை நம்பாதீர்கள்: நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துணி சரியாகக் காயாது, காயாவிட்டால் குளிராது. மீன்காரர் வைத்திருப்பது போன்ற வெள்ளை நுரைப்பெட்டி ஒன்று கிடைத்தால், உள்ளே ஒரு சின்ன உறைந்த தண்ணீர் போத்தலை வைத்து மூடுங்கள். பெட்டிக்குள் 26, 27 டிகிரி இருந்தால் போதும். போத்தல் உருகியதும் மாற்றுங்கள்.

மாவைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

நேரத்தைக் கணக்கு வைப்பதைவிட மாவைப் பார்ப்பதே நல்லது. மேற்பரப்பு குவிந்து மேடாக இருந்தால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. மேடு தட்டையாகி, சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால் உச்சி. ரொட்டிக்கும் ஆப்பத்துக்கும் எடுக்க வேண்டிய நேரம் அதுதான். நடுவில் குழிந்து, போத்தலின் பக்கங்களில் மாவு வழிந்த தடம் இருந்தால் உச்சி தாண்டிவிட்டது, அடுத்த தீனி போடுங்கள். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அது மாவுக்குள் வாயு இருப்பதை மட்டும்தான் காட்டும். எடுக்கும்போது வாயு வெளியேறிவிட்டால் நல்ல மாவும் மூழ்கும். நான் அதை நம்புவதில்லை.

வாசமும் பேசும். தயிர் வாசம், பழுத்த பழ வாசம், லேசான கள் வாசம் எல்லாம் சரி. நகப்பூச்சு வாசம் வந்தால் பசி. மேலே சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கினாலும் பசிதான், கெட்டுப்போனதல்ல; கொட்டிவிட்டோ கலக்கிவிட்டோ தீனி போடலாம். ஆனால் இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கீற்றோ, பஞ்சு போன்ற பூசணமோ தெரிந்தால் ஒரு பகுதியை மட்டும் வழித்து எறிவதில் அர்த்தமில்லை. முழுவதையும் கொட்டிப் போத்தலைக் கொதிநீரில் கழுவுங்கள்.

அதிகமாகப் புளித்து நீர்த்துப்போன ஸ்டார்ட்டரைக் காப்பாற்ற முடியும். 5 கிராம் எடுத்து 50 மாவு, 50 தண்ணீர். உச்சிக்கு வந்த உடனே மறுபடி 5 கிராம் எடுத்து அதே அளவு. குழிய விடாமல் இப்படி மூன்று நான்கு முறை செய்தால் பழைய அமிலம் நீர்த்துப்போய் ஈஸ்ட் தலையெடுக்கும். சனி, ஞாயிறு வீட்டில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது.

தினமும் முடியாதவர்களுக்கு

கெட்டி மாவாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஐஸ்பெட்டியில் வையுங்கள். வாரம் ஒரு முறை தீனி போதும். பயன்படுத்துவதற்கு முந்தின நாள் வெளியே எடுத்து இரண்டு தீனி கொடுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்குவதாக இருந்தால் காய வைப்பதே பாதுகாப்பு. உச்சியில் இருக்கும் மாவை வெண்ணெய்த் தாளில் மெல்லியதாகத் தடவி, காற்றாடிக்கு அடியில் வையுங்கள். மழை நாளில் காயாது. ஏர்கோன் அறை இருந்தால் அங்கே வைக்கலாம். அடுப்பில், வெயிலில் சூடேற்ற வேண்டாம், சூடு கூடினால் ஈஸ்ட் செத்துவிடும். நொறுங்கும் அளவு காய்ந்ததும் பொடித்து இறுக்கமான டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். கொஞ்சம் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சில நாள் தீனி போட்டால் திரும்ப எழும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடவும் இதுவே வசதி.

ரொட்டி

500 கிராம் உயர்புரத மாவு, 325 கிராம் குளிர்ந்த தண்ணீர், 75 கிராம் ஸ்டார்ட்டர், 10 கிராம் உப்பு. குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஸ்டார்ட்டர் 100 கிராம் வரை போகும். நமக்கு 75 தாராளம். பிசைந்து, நான்கைந்து மணி நேரத்தில் ஒன்றரை மடங்கு உப்பியதும் உருட்டி, ஐஸ்பெட்டியில் இரவு முழுவதும் வையுங்கள். இரட்டிப்பாகட்டும் என்று வெளியே காத்திருந்தால் நம் வெயிலில் பதம் தப்பிவிடும். காலையில் நேராக 230 டிகிரி அடுப்பில், மூடிபோட்ட கனமான பாத்திரத்தில் 20 நிமிடம், மூடியை எடுத்து இன்னொரு 20 நிமிடம்.

ஆப்பம்

400 கிராம் பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கைப்பிடி சோறும் அரை மூடித் தேங்காய்த் துருவலும் சேர்த்து மைய அரையுங்கள். அரைத்ததில் இரண்டு கரண்டி எடுத்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்து, கஞ்சி போலக் காய்ச்சுங்கள். கஞ்சி முழுதாக ஆறிய பிறகே மாவில் கலக்க வேண்டும்; சூட்டோடு ஊற்றினால் வளர்த்த ஈஸ்ட்டைக் கொன்றுவிடுவீர்கள். பிறகு உச்சியில் இருக்கும் ஸ்டார்ட்டர் 100 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி.

கோதுமை வேண்டாம் என்றால் ஸ்டார்ட்டரை அரிசி மாவுக்குப் பழக்கலாம்: 5 கிராம் எடுத்து அரிசி மாவும் தண்ணீரும் ஐம்பது ஐம்பது, நான்கைந்து தீனி. கோதுமை இழை தேய்ந்து தேய்ந்து கடைசியில் பேருக்கும் மிஞ்சாது என்றாலும், கோதுமை ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் முதல் நாளிலிருந்தே அரிசி மாவில் தனிப் போத்தல் தொடங்குங்கள். அரிசி மாவில் பசைச்சத்து இல்லாததால் அது மேடாக எழாது, குமிழி நிறைய விடும். ரப்பர் பேண்டுக்கு அங்கே வேலையில்லை. குமிழியையும் வாசத்தையும் பாருங்கள்.

ஆப்ப மாவு இரவில் ஆறேழு மணி நேரம் புளித்தால் போதும். மேலே நுரை கட்டி, கரண்டியால் கிளறினால் சலசலவென்று உடையும். உப்பையும் அரை கப் கெட்டித் தேங்காய்ப்பாலையும் அப்போது சேர்த்து, அரை மணி நேரம் விட்டு, சட்டியைச் சூடாக்கி ஊற்றிச் சுழற்றுங்கள். ஓரம் வலைபோல் ஓட்டை விட்டு, நடு பஞ்சாக எழுந்தால் பதம் சரி. ஓரத்தில் ஓட்டையே விழாவிட்டால் மாவு கெட்டி, கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். புளிப்பு மட்டும் ஏறி நடு தட்டையாகவே இருந்தால் உச்சி தாண்டிய ஸ்டார்ட்டரைப் போட்டிருக்கிறீர்கள். அந்த மாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிப் போட்டுப் பணியாரம் ஊற்றிவிடுங்கள், நன்றாகவே இருக்கும். ஆப்பத்துக்கு மறுநாள் புதுத் தீனி போட்டு, தட்டையாகும் நேரம் பார்த்து எடுங்கள்.